எல்லாம் முடிந்தபின் சொல்பவர்

"திங்கட்கிழமை உம்மடை மகன் ஒரு சட்டைத் தெறியை முழுங்கிப்போட்டான். இண்டைக்குக் காலமை வெளியிலை வந்திட்டுது."

அன்ரி இதைச் சொன்னது ஒரு வியாழக்கிழமை மாலை. வேலையால் வந்து, மகனைக் கூட்டிக்கொண்டு போக, பனி ஒட்டிய சப்பாத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒரு ரிஷ்யூக் கடதாசியை விரித்துக் காட்டினார். நான்கு துளை போட்ட சின்ன வெள்ளைப் பொத்தான் ஒன்று, கழுவித் துடைக்கப்பட்டு, கடையில் வாங்கியதுபோல இருந்தது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று மாலையும் இதே வாசலில் நின்று "பிள்ளை எப்பிடி அன்ரி?" என்று கேட்டிருந்தேன். மூன்று மாலையும் "நல்ல பிள்ளை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருந்தேன்.

"ஏன் அன்ரி அண்டைக்கே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீர் மூண்டு நாளும் சாப்பிட்டிருக்க மாட்டீர். தெறி அது வாற நேரத்துக்குத்தானே வரும். நான் நேர்ஸ் லைனுக்கு அடிச்சுக் கேட்டனான். ஒண்டும் செய்யாது, பாத்துக்கொண்டிருங்கோ எண்டவை. பாத்துக்கொண்டிருந்தன்."

நான் செய்யவேண்டியிருந்த எல்லாவற்றையும் அவர் சரியாகவே செய்திருந்தார். என்னிடம் சொல்லவேண்டும் என்ற ஒன்றைத் தவிர. அதற்காகக் கோபப்படலாமா, கூடாதா என்று தெரியாமல் அந்த ரிஷ்யூவை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் ரவுன்ஹவுஸ் வீட்டு வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி அவர் தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டியவர், நெடுத்த உடம்பு. வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார். ஒரே மகள் கலியாணம் செய்து ஒஷாவாவில் இருந்தார். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. மூன்று பேருக்கு மேல் எடுக்கமாட்டார். என் மகனுக்குப் பதினொரு மாதமானபோது நான் காப்புறுதி அலுவலகத்துக்குத் திரும்பவேண்டி வந்தது. டேகெயார்களில் எங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலிலேயே கிடந்தது. என் அம்மா அண்ணாவோடு சிட்னியில். கணவருக்குத் தாய் தகப்பன் இல்லை. ஆகவே அன்ரி.

திராட்சைப்பழத்தைக் கத்தரிக்கோலால் நான்காக வெட்டித்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். "கவனம், கவனம்" என்று ஒருநாளும் கத்தமாட்டார். பிள்ளை படியில் ஏறினால் சத்தமில்லாமல் பின்னால் போய் நிற்பார். இவையெல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் வேலையிடத்துக்கு ஒருநாளும் தொலைபேசி எடுக்கமாட்டார். நான் எடுத்தால் ஆறேழு சொற்களில் வைத்துவிடுவார். பொத்தானுக்குப் பிறகு அந்த ஆறேழு சொற்களை நான் தங்கம் உரசுவதுபோல உரசிப் பார்க்கத் தொடங்கினேன். இன்றைக்கு ஏன் "நல்ல பிள்ளை" என்று சொல்ல முதல் கொஞ்சம் யோசித்தார்? நேற்றைக்கு ஏன் யோசிக்கவில்லை?

வியாழக்கிழமைகளில் பகிடிபோலக் கேட்பேன். "இந்தக் கிழமை ஏதும் நடந்ததோ அன்ரி?"

"முடிஞ்சதெல்லாம் சொல்லிப்போட்டன்."

"அப்ப முடியாதது?"

"அது முடியட்டும்" என்று சிரிப்பார். கூடவே நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மகனுடைய பல்லை எண்ணுவேன்.

அவர் பொய் சொல்லக்கூடியவர் என்பதை எனக்குக் காட்டித் தந்தவர், அங்கே பிள்ளைகளை விட்டிருந்த இன்னொரு தாய். இரட்டைப் பெண்பிள்ளைகளின் தாய். எதையும் இரண்டு முறை சொல்லும் வழக்கம் அவருக்கு. ஒக்ரோபரில் ஒரு கிழமை அன்ரி எங்கள் இருவரிடமும் நான்கு நாள் லீவு கேட்டார். மொன்றியலில் சொந்தக்காரரின் கலியாணம் என்றார். திரும்பி வந்ததும் ஒரு பெட்டி பலகாரம் தந்தார்.

"கலியாண வீடு எப்பிடி அன்ரி?"

"சாப்பாடு திறம். பொம்பிளைதான் கொஞ்சம் கட்டை."

மார்கழியில் ஒருநாள் இரட்டையரின் தாய் என்னைப் பஸ் தரிப்பிடத்தில் பிடித்தார். "மொன்றியலும் இல்லை, கலியாணமும் இல்லை. மனுசிக்குப் பித்தப்பை ஒப்பரேஷன். பித்தப்பை ஒப்பரேஷன் எண்டிறன். நேற்றுத்தான் வாயைத் திறந்தவ. தையலும் காஞ்சு, டொக்ரரும் இனி வரவேண்டாம் எண்டாப்பிறகு."

"பலகாரம்?"

"மார்க்கம் ரோட்டுக் கடையிலை மகள் வாங்கினதாம்."

"பொம்பிளை கட்டை எண்டவவே."

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். ஆரையடியப்பா மனசுக்கை வைச்சுக்கொண்டு சொன்னவ?"

பஸ் வரும்வரை சிரித்தோம். ஏறி இருந்த பிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. ஒப்பரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் அவர் என் மகனை ஒக்கலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வயிற்றில் தையலோடு. அவனோ அப்போதே நல்ல பாரம். கை நழுவியிருந்தால்?

அன்று வேறு யாரிடமாவது மகனை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அவன் அந்த வீட்டுக் கதவைக் கண்டதும் என் தோளிலிருந்து பாய்வான். அதைக் கண்டபிறகு எதைச் சொல்லி மாற்றுவது?

தை மாதத்தில் கணவருக்கு ஜேர்மனிக்குப் பயணம் வந்தது. அவர் பிறம்ரனில், கப்பல் கொள்கலன்களைக் கையாளும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறார். ஹம்பேர்க் துறைமுகத்தில் ஐந்து நாள் பயிற்சி, வெள்ளியோடு முடியும். "சனி ஞாயிறு நீயும் வாவன். திங்கள் வந்திடலாம். மகன் பிறந்தாப்பிறகு நாங்கள் ரெண்டு பேரும் ஒரு முழுக் கோப்பி குடிக்கேல்லை" என்றார். அது உண்மைதான். குடித்த கோப்பியெல்லாம் பாதியில் ஆறிப்போனவை.

அன்ரியிடம் கேட்கப் போனேன். வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது.

"ஹம்பேர்க்கோ?" என்றார். அவருடைய முகம் அப்படி விரிந்து நான் கண்டதில்லை. "நான் பதினொரு வரியம் அங்கை இருந்தனான். அகதியாப் போய், ஹோட்டல் அறையள் துப்பரவாக்கினனான். போம் பிள்ளை, போட்டு வாரும். அங்கத்தைய குளிர் இஞ்சத்தையப்போலை இல்லை, ஈரக்குளிர், எலும்புக்கை போகும். ரெண்டு சோக்ஸ் போடும். உல்லாசப் பயணியளின்ரை படகிலை ஏறிக் காசைக் கொட்டாதேயும். பஸ் ரிக்கற்றோடை ஓடுற படகு இருக்கு. அதிலை ஏறினாத் துறைமுகம் முழுக்கப் பாக்கலாம்."

பிறகு தேநீர் ஊற்றிக்கொண்டே, நான் கேட்காமலே, ஒரு கதை சொன்னார். அங்கே இருந்த காலத்தில் ஊரில் அவருடைய அப்பா இறந்துபோனார். தமையன்மார் அதைச் சொல்லவில்லை. அந்தியேட்டி எல்லாம் முடித்து, முப்பத்தோராம் நாள் கழிந்தபிறகுதான் தொலைபேசி எடுத்தார்கள். எங்கள் ஆட்களிடம் இப்படி நடப்பதுண்டு. தூரத்தில் இருப்பவரால் வரமுடியாது, அவரை ஏன் வதைப்பான் என்ற எண்ணம்.

"உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

"கோவமோ? அந்த முப்பத்தொரு நாளும் நான் சிரிச்சுக்கொண்டு வேலைக்குப் போனனான். நல்ல மீன் வாங்கிச் சமைச்சனான். எனக்கு அப்பா முப்பத்தொரு நாள் கூட உயிரோடை இருந்தவர், பிள்ளை. அண்ணையவை தந்தது."

கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். மகனை அவரிடம் நான்கு இரவு விடுவது என்று அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்தேன்.

வியாழன் மாலை விமானத்தில் தனியாக ஏறி, பட்டி கட்டி இருந்தபோது அதே கதை வேறு முகத்தோடு வந்தது. என் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் இந்த மனுஷி எனக்கும் அதையே தருவார். நான் திரும்பி வரும்வரை நான்கு நாள். சிரித்துக்கொண்டு திரியச் சொல்லி.

வெள்ளி மத்தியானம் ஹம்பேர்க்கில் இறங்கினேன். கணவர் விமான நிலையத்துக்கு ஒரு சின்னப் பூச்செண்டோடு வந்திருந்தார். ஹோட்டல் துறைமுகத்துக்குக் கிட்ட. ஜன்னலால் பார்த்தால் பாரந்தூக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. கணவர் ஒவ்வொன்றையும் என்ன வகை என்று சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே மாலை ஏழு மணி, ரொறன்ரோவில் பகல் ஒரு மணி. வீடியோவில் எடுத்தேன். அன்ரி மகனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அவன் திரையை நக்கினான். "பாத்தீரே? நல்ல பிள்ளை" என்றார். அன்றைக்கு நான் ஒரு முழுக் கோப்பி குடித்தேன்.

சனிக்கிழமை காலை செங்கல் பண்டசாலைகளுக்கு இடையில் நடந்தோம். கால்வாய்களில் தண்ணீர் கறுத்துப்போய் இருந்தது. குளிர் அன்ரி சொன்னபடியே எலும்புக்குள் போனது. பிற்பகல் இரண்டு மணிக்கு, அதாவது அங்கே காலை எட்டுக்கு, அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்று மணிக்கும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் பிள்ளைக்குக் குரக்கன் கஞ்சி கொடுத்துக்கொண்டிருப்பார், தொலைபேசி குசினி மேசையில்தான் கிடக்கும்.

நான்கு மணிக்கு அவர் சொன்ன அந்தப் படகில் நின்றோம். மேல்தட்டில் எங்களைத் தவிர ஒரு கிழவரும் நாயும்தான். கணவர் பாணுக்குள் மீன் வைத்து வாங்கி வந்திருந்தார். மீண்டும் அழைத்தேன். இந்தமுறை எடுத்தார். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"பிள்ளை நித்திரை" என்றார்.

ரொறன்ரோவில் அப்போது காலை பத்து மணி. என் மகன் தவழத் தொடங்கியதிலிருந்து காலை பத்து மணிக்கு நித்திரை கொண்டதில்லை.

"ஏன் அன்ரி முதல் எடுக்கேல்லை?"

"கேக்கேல்லை."

அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ இலக்கத்தை வாசித்தது. பிறகு மிகக் கிட்டத்தில், தமிழில், ஓர் ஆணின் குரல்: "அவனை என்னட்டைத் தாங்கோ."

"அன்ரி, எங்கை நிக்கிறீங்கள்?"

"வீட்டிலை."

"ஆர் அது கதைக்கிறது?"

"ரீவி" என்றார். "நீர் படகிலை ஏறினீரோ? காத்துச் சத்தம் கேக்குது. தொப்பியைப் போடும்." வைத்துவிட்டார்.

கணவரிடம் சொன்னேன். அவர் பாணை மென்று முடித்துவிட்டு, "ரீவியா இருக்கும்" என்றார்.

"ரீவியிலை ஆரும் 'அவனை என்னட்டைத் தாங்கோ' எண்டு கேப்பினமோ?"

"நாடகத்திலை கேப்பினம்."

"இலக்கம் கூப்பிட்டது?"

"நீ மூண்டு மாதமா அந்த மனுசியிலை குற்றம் தேடிக்கொண்டு திரியிறாய். தேடினா ஏதும் அம்பிடத்தான் செய்யும்."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் வதைத்தது. படகு கரைக்குக் கரை தட்டித் தட்டிப் போனது. எத்தனை கப்பல்கள் நின்றன என்று எனக்குத் தெரியாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் போக முதல் ஹோட்டல் அறையிலிருந்து ஒருமுறை வீடியோவில் எடுத்தேன். தொலைபேசியை எதிலோ சாய்த்து வைத்திருந்தார். முகட்டு லைற்றும் அவருடைய தொப்பியின் இடது பக்கமும்தான் தெரிந்தன. "பிள்ளையைக் காட்டுங்கோ" என்றேன். "வருவான், வருவான்" என்றார். தூக்கவில்லை. கடைசியில் அவன் தத்தித் தத்தித் திரைக்குள் வந்தான். மஞ்சள் நிறத்தில் தொளதொளவென்று ஒரு சட்டை போட்டிருந்தான். நான் கட்டிக் கொடுத்த பையில் மஞ்சள் சட்டை இல்லை. அது யாருடைய சட்டை என்று கேட்க வாயெடுத்தேன். படம் உறைந்து நின்றது. திரும்ப எடுத்தபோது அவர் எடுக்கவில்லை.

அன்றே பயணச்சீட்டை மாற்றினோம். கணவர் எதிர்த்துக் கதைக்கவில்லை. ஞாயிறு விடிய என்னை அந்த ஊரின் மீன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று கனடாவிலேயே எழுதி வைத்திருந்தவர், அந்த நேரத்தில் சூட்கேஸை மூடிக்கொண்டிருந்தார். வருகிறோம் என்று அன்ரிக்குச் சொல்லவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கணவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

இதை எழுதும்போது மகனுக்கு ஐந்து வயது. ஹம்பேர்க்கிலிருந்து திரும்பிய கிழமையே அவனை ஒரு டேகெயாரில் சேர்த்தோம். தூரம்தான், ஆனால் இடம் கிடைத்தது. அங்கே அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தொலைபேசிக்குப் படம் அனுப்புவார்கள். சாப்பிட்டான், நித்திரை கொண்டான், தும்மினான், எல்லாம் வரும். முதல் மாதம் ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்துப் பார்த்தேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். மகன் சில மாதம் அந்த இரண்டு வரிசை தள்ளி இருந்த கதவைக் காட்டி அழுதான். ஒருநாள் அந்தக் கதவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அன்ரியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "நான் போன மாதமே ஒஷாவாவுக்கு வந்திட்டன். மகளோடை இருக்கிறன். சுகம்." ஒஷாவா ஒன்றும் தூரமில்லை. காரில் அரை மணித்தியாலம்கூட எடுக்காது. நான் போகவில்லை. போய் எதை விளங்கப்படுத்துவது? மன்னிப்புக் கேட்பதா, கேள்வி கேட்பதா என்று எனக்கே தெரியாமல் இருக்கும்போது?

கணவர் இன்றைக்கும் சொல்வது, மகனுடைய உடம்பில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை என்பதைத்தான். உண்மைதான், இருக்கவில்லை. அவருக்கு அது போதும்.

அந்த ஞாயிறு விமான நிலையத்திலிருந்து நேரே அன்ரி வீட்டுக்குத்தான் போனோம். பின்னேரம் ஐந்து மணி, இருட்டத் தொடங்கிவிட்டது. வாசல்படி முழுவதும் உப்புப் போட்டிருந்தது, படி தெரியாத அளவுக்கு. மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் அன்ரியின் மருமகன். முன்பு ஒருமுறைதான் கண்டிருக்கிறேன்.

"நீங்கள் நாளைக்கெல்லே வாறதெண்டவை" என்றார். படகில் நான் கேட்ட குரல்.

நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன். சப்பாத்தைக் கழற்றவில்லை. அன்ரி சோபாவில் இருந்தார். இடது பக்கத்து மடியில் என் மகன். வலது கை, விரல் நுனியிலிருந்து முழங்கைவரை வெள்ளை மாக்கட்டு. மகன் என்னைக் கண்டதும் முகத்தை அவருடைய தோளுக்குள் புதைத்தான்.

"வந்திட்டீரே?" என்றார் அன்ரி. ஆச்சரியப்பட்டதுபோலத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்லுவம் எண்டிருந்தன். நேற்றுக் காலமை வாசலிலை சறுக்கிப்போட்டுது. மணிக்கட்டு. மருமகன் வந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர். பிள்ளையை விடேலாதுதானே, அவனையும் கொண்டு போனது. அவனுக்கு ஒண்டுமில்லை."

"இந்தச் சட்டை?"

"என்ரை பேரன்ரை. நீர் தந்த உடுப்பெல்லாம் சிப் பூட்டுறது. ஒற்றைக் கையாலை ஏலாது."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இலக்கம், ஆணின் குரல், தூக்காதது, சட்டை. ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டு வந்தது. ஒன்றைத் தவிர.

"விழேக்கை இவன் எங்கை அன்ரி?"

"அவன் பத்திரம்."

"உங்கடை கையிலை இருந்தவனோ, உள்ளை இருந்தவனோ?"

அன்ரி என்னைப் பார்த்தார். கையில் இருந்தான் என்றால் அவனும் அந்தப் படியில் விழுந்திருக்கிறான். உள்ளே இருந்தான் என்றால், பதினாலு மாதப் பிள்ளை தனியாக இருக்க அவர் வெளியே போயிருக்கிறார், எழும்பமுடியாமல் எவ்வளவு நேரம் கிடந்தாரோ தெரியாது. மூன்றாவதாக ஒரு பதில் எனக்குத் தெரியவில்லை. இருந்தால் சொல்லட்டும் என்று நின்றேன்.

"பிள்ளை பத்திரம் எண்டு சொல்லுறன்" என்றார் மறுபடியும், மெல்ல.

மருமகன் தன் சப்பாத்து வார்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். "விடு, போவம்" என்றார் கணவர்.

நான் மகனை அன்ரியின் மடியிலிருந்து தூக்கினேன். அவன் கத்தினான், அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவனைச் சோபாவின் மற்ற மூலையில் கிடத்தி, மஞ்சள் சட்டையைக் கழற்றினேன். தலையை முடி விலக்கித் தடவினேன். கழுத்து, நெஞ்சு, வயிறு. கைகளை மடக்கி நிமிர்த்தினேன். காற்சட்டையைக் கழற்றித் தொடைகளைப் பார்த்தேன். அறை இருண்டுகொண்டு வந்தது. ஒரு முழங்காலில் ஏதோ நிழல்போலத் தெரிந்தது. ஜன்னல் பக்கமாக அவனைத் திருப்பிக் குனிந்து பார்த்தேன்.

"லைற்றைப் போடட்டோ?" என்று அன்ரி கேட்டார். "வடிவாத் தெரியும்."

அவருடைய குரலில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். இருக்கவில்லை.

"ஓம் அன்ரி" என்றேன். "போடுங்கோ."

அவர் எழும்பிப் போய் இடது கையால் போட்டார். நான் மகனைக் குப்புறப் புரட்டி, முதுகையும் பார்த்தேன்.